ஒரு சாவுக்கு மட்டும்

குருமானில் மாதத்தின் முதல் வாரம்.
சட்ட உதவி அறையில் என் மேசைக்கு
ஒரு கால் குட்டை.
பழைய அரசிதழை எட்டாய் மடித்து
அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

கெனெய்ல்வே ரசீதை நீட்டுகிறாள்.
ஏடிஎம் துப்பிய வழவழப்புத் தாள்.
சீக்கிரம் படி, என்கிறாள்,
வெயில் பட்டால் எழுத்து ஓடிவிடும்.

அவள் பெயருக்கு அவர்கள் மொழியில்
'எனக்குத் தரப்பட்டது' என்று பொருள்.

சின்ன வயதில் கல்நார்க் குவியலில்
சறுக்கி விளையாடிய நுரையீரலுக்கு
அரசு மாதாமாதம் தருவது
இரண்டாயிரத்துச் சொச்சம் ராண்ட்.
நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடத்தில் வருகிறது.
மூன்றாம் நிமிடம்: ஏர்டைம், ஐம்பது.
உன் போன் எங்கே?
போன குளிர்காலத்தில் வாளித் தண்ணீரில் விழுந்தது.
நாலாம் நிமிடம்: மறுபடி ஏர்டைம்.
ஐந்து: மின்சாரம், நூறு.
அவள் தெருவுக்குக் கம்பமே வரவில்லை.
எங்கோ யாருடைய பல்போ
இவள் மூச்சில் எரிகிறது.
ஆறு: கடன் தவணை, முந்நூற்று நாற்பது.
வாங்கியது ஒரு தடவை,
கட்டியது பதினேழு தடவை.

அவள் இருமி விழிப்பதற்குள்
பணம் எழுந்து, முகம் கழுவி,
ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

அரசிதழை உருவி எடுத்தேன்.
மேசை சாய்ந்தது, தேநீர் கொஞ்சம் சிந்தியது.
வாசித்துக் காட்டினேன்:
உதவித்தொகையிலிருந்து பிடிக்க
ஈமக் காப்பீடு ஒன்றுக்குத்தான் அனுமதி.
அதுவும் ஒன்றே ஒன்று.
பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.
நீயே எழுதித் தந்திருக்க வேண்டும்.

சிவப்புப் பேனா என் கையில்
கொஞ்சம் கர்வத்தோடுதான் நடந்தது.
ஏர்டைம் போயிற்று. இன்னொன்றும்.
மின்சாரம். கடன்.
பிறகு ஈமக் காப்பீடு என்று இரண்டு வரி:
தொண்ணூற்று இரண்டு, கெனெய்ல்வே.
நூற்றுப் பதினெட்டு, ஒலெபிலே.

இதை அடிக்காதே, என்று
விரலை வைத்து மறைத்தாள்.

ஒலெபிலே அவள் தம்பி.
வெல்கொம் பக்கம் யாரோ கைவிட்டுப் போன
தங்கச் சுரங்கத்தில் கயிறு கட்டி இறங்கினான்.
பதினாலு மாதம்.
மேலே வந்தான் என்று சொல்ல ஆளில்லை,
வரவில்லை என்று சொல்லவும் இல்லை.

ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறவனைப் புதைக்க
முதலில் வெளியே எடுக்கணும், என்றாள்.
வண்டி வாடகை இருக்கிறது. பெட்டி. ஒரு மாடு.
அவன் உயரம் வேறு, சாதாரணப் பெட்டி பத்தாது.

சட்டம் உன்னைக் காப்பாற்றத்தான்,
என்று தொடங்கினேன்.
மேசை ஆடியது.

ஒரு வீட்டில் எத்தனை பேர் சாகலாம் என்று
எண்ணிப் பார்த்து எழுதினார்களா?

அந்த விதி வந்த நாளில்
கிம்பர்லியில் ஒரு கூடத்தில்
எழுந்து நின்று கைதட்டியவர்களில் நானும் உண்டு.
நல்ல விதி. இப்போதும் சொல்வேன்.
கழுகுகளைத் துரத்த எழுதியதுதான்.
அவளோ அதன் முன்னால்
இரண்டு சாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

ஒன்றைக் கையில் கட்டலாம், என்றேன்,
மாதாமாதம் அவர்கள் கடைக்கே நடந்து போய்.
எத்தனை கிலோமீட்டர் என்று அவள் கேட்கவில்லை.
அவள் மூச்சை நானும் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

பேனாவை வாங்கினாள்.
தன் பெயரை அடித்தாள், நேராக,
கோடு போடப் பழகிய பிள்ளை மாதிரி.

என்னை எப்படியும் புதைப்பார்கள், என்றாள்.
நாற்றம் எடுத்தால் பக்கத்து வீட்டார்
சும்மா இருப்பார்களா?
சிரித்தாள். சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.

புகார் மனுவில் கையெழுத்து,
நகல், முத்திரை.
போகும்போது குனிந்து
அரசிதழை மேசைக் காலுக்கு அடியில்
அவளே செருகிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் இன்னொரு ரசீது.
கடன் இல்லை. மின்சாரம் இல்லை.
ஒலெபிலே, நூற்றுப் பதினெட்டு.
அதற்குக் கீழே, புதிய கம்பெனியின் பெயரில்,
ஏர்டைம், ஐம்பது.